தைப்பூசத்துக்கு மறுநாள் சிறுநீர் கோப்பி-ஓ நிறத்தில் போனது

2023 பிப்ரவரி 5, ஞாயிற்றுக்கிழமை. கொரோனாவால் இரண்டு வருடம் நடை ஊர்வலமே இல்லாமல் இருந்து, அந்த வருடம்தான் மறுபடியும் சிங்கப்பூர் சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை காவடியோடு நடக்க முடிந்தது. அம்மா நெஞ்சுவலியிலிருந்து மீண்டு வந்ததற்காக நான் வேண்டிக்கொண்ட காவடி. 48 நாள் விரதம், கடைசி இரண்டு வாரம் ஒரே வேளைச் சாப்பாடு, கடைசி நாள் பாலும் பழமும் மட்டும். எனக்கு அப்போது 38 வயது, விமான நிலையச் சரக்குப் பிரிவில் ஷிப்ட் வேலை, சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, உடம்பைப் பற்றி ஒரு பயமும் இல்லை. சிலிகி ரோடு வந்தபோது கெண்டைக்கால் இறுக ஆரம்பித்தது. கிளமென்சோ அவென்யூ பக்கம் திரும்பும்போது தொடை இரண்டும் மரக்கட்டை போல ஆகிவிட்டது, மச்சான் இரண்டு பேரும் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வந்ததால்தான் கோயில் வாசலை மிதித்தேன். காவடி எடுத்தால் வலிக்கத்தான் செய்யும் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்குக் கழிவறைக்குப் போனேன். சிறுநீர் கோப்பி-ஓ நிறத்தில், அதாவது பால் விடாத கோப்பி நிறத்தில் போனது. கறுப்புக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் பழுப்பு. வெளிச்சம் சரியில்லையோ என்று விளக்கை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். மனைவியை எழுப்பவில்லை, தண்ணீர் குறைவாகக் குடித்திருப்பேன் என்று ஒரு லிட்டர் குடித்துவிட்டுப் படுத்தேன். காலையில் படுக்கையிலிருந்து எழுந்திருக்கவே முடியவில்லை, கையை ஊன்றி எழ முயன்றால் தோளும் வேலை செய்யவில்லை. அப்போதும் மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டுக்குக் கீழே இருந்த கிளினிக்குக்குப் போனேன். சிறுநீரில் பரிசோதனைக் குச்சியை முக்கிப் பார்த்து, ரத்தம் காட்டுகிறது, சிறுநீர்ப் பாதையில் தொற்று என்று ஆண்டிபயாடிக் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு வந்து இன்னும் ஒரு நாள் வீட்டில் கிடந்தேன். செவ்வாய்க்கிழமை காலை முகம் வீங்கி, சிறுநீர் வருவதே குறைந்த பிறகுதான் மனைவி, "என்னங்க, இனிமே உங்க பேச்சைக் கேக்க மாட்டேன்" என்று ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மீதியைப் படிக்காமல் போனாலும் பரவாயில்லை. கடுமையான தசை வலியோடு சிறுநீர் கறுத்துப் போனால் அது அவசர சிகிச்சைக்குப் போக வேண்டிய விஷயம், அதுவும் அதே மணி நேரத்தில். தசை நார்கள் உடைந்து, அவற்றுக்குள் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய் அடைக்கிறது. இதற்கு ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். எனக்கு அதன் வேர், கொழுப்பை எரிக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக வேலை செய்யும் வி.எல்.கேட் குறைபாடு என்று ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தப் பரிசோதனைக் குச்சிக்கு மயோகுளோபினுக்கும் ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது, இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் நிறம் மாறும். அதனால் குச்சி ரத்தம் என்று காட்டி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணுவே இல்லை என்றால் தசையைத்தான் சந்தேகப்பட வேண்டும். சிறுநீரைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வெட்கமாக இருந்தாலும் எடுங்கள். அவசரப் பிரிவில் முதலில் பேசும் தாதியிடம் "கால் வலி" என்று ஆரம்பிக்காமல் "சிறுநீர் கறுப்பாகப் போகிறது" என்று ஆரம்பியுங்கள்.

எனக்கு அன்று சி.கே அளவு 96,000. கிரியேட்டின் கைனேஸ் என்ற அந்த நொதி தசைக்குள் இருக்க வேண்டியது, ரத்தத்தில் ஏறக்குறைய 200 வரை இருந்தால் சாதாரணம். டயாலிசிஸ் வேண்டியிருக்கலாம் என்று ஒரு நாள் முழுக்க அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆறு நாள் டிரிப்ஸ் ஏற்றி, வேண்டாமல் தப்பித்தேன். வார்டில் இரவு முழுக்க விழித்திருந்து, என் இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூட முகத்தை நினைத்து அழுதேன், யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் "விரதம், நீர்ச்சத்துக் குறைவு, மிகுந்த உழைப்பு" என்று எழுதியிருந்தது. எழுதியது தவறில்லை. ஆனால் அதே விரதம் இருந்து அதே சாலையில் நடந்த என் மச்சான் திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டாரே, எனக்கு மட்டும் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. தொடக்கப் பள்ளியில் நெடுந்தூர ஓட்டம் ஓடிய மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியிருக்கிறேன். தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பயிற்சி) 24 கிலோமீட்டர் ரூட் மார்ச் முடிந்த இரவு சிறுநீர் தேநீர் நிறத்தில் போனது, மற்ற பையன்கள் சிரிப்பார்களே என்று மறைத்தேன். 2021-ல் அலுவலக நண்பர் சொன்னார் என்று, மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவு முறையில் மூன்று வாரம் இருந்து, உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல ஆகி விட்டேன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் வைத்திருந்தேன். சேர்த்துப் பார்த்தால் கோலப் புள்ளி போல எல்லாம் ஒரே கோட்டில் வருகிறது: பூப்பந்து ஆடினால், பஸ்ஸுக்கு ஓடினால் ஒன்றும் ஆகாது, மணிக்கணக்கில் நீளும் உழைப்புதான் படுக்க வைக்கும், அதுவும் வயிறு காலியாக இருந்தால், காய்ச்சல் இருந்தால், அல்லது குளிரில். வலி அப்போதே வராது, சில மணி நேரம் கழித்து வரும். உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ இப்படி இருந்தால் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். என்ன செய்தேன், கடைசியாக எப்போது சாப்பிட்டேன், எத்தனை மணி நேரம் கழித்து வலித்தது, சிறுநீர் நிறம் என்ன. இந்த ஒரு தாள் என் கையில் இருந்திருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

அந்த ஒரு வருடத்தில் நான் செய்தவற்றை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. தசை பலவீனம் என்று நினைத்து ஸ்போர்ட்ஸ் மசாஜுக்கு 640 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவழித்தேன், ஏற்கெனவே உடைந்து கிடந்த தசையை அழுத்தி அழுத்தி வலி கூடியதுதான் மிச்சம். ஊருக்குப் போய் எண்ணெய் வைத்தியம் பார்த்தால் சரியாகிவிடும் என்று பெரியப்பா சொல்ல, டிக்கெட்டோடு சேர்த்து 1,200 வெள்ளி. அம்மா வாய்விட்டே கேட்டுவிட்டார், "விரதத்துல ஏதோ குறை வச்சுட்டியாப்பா?" என்று. அவர் என்னைக் குற்றம் சொல்லக் கேட்கவில்லை, தனக்காக எடுத்த காவடியில் மகன் விழுந்துவிட்டானே என்ற தவிப்பு. ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் எட்டு மாதம் கிடந்தது. ஒரு குறையும் வைக்கவில்லை என்று எனக்குத் தெரியும், இருந்தும் ராத்திரியில் படுத்துக்கொண்டு 48 நாளையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

ஜூன் மாதம் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனேன். அரசு பாலிகிளினிக் கடிதம் இல்லாமல் நேரடியாகப் போனதால் மானியம் கிடைக்கவில்லை. அது என் அவசரம், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், இரண்டு மூன்று வாரம் காத்திருந்தாலும் பாலிகிளினிக் வழியாகவே போங்கள். தொடையில் சிறு துண்டு வெட்டித் தசைப் பரிசோதனை செய்தார்கள், 1,100 வெள்ளி, முடிவு கிட்டத்தட்ட சாதாரணம். அசைல்கார்னிடின் என்ற ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள், கொழுப்பு எந்த இடத்தில் உடையாமல் நிற்கிறது என்று காட்டும் பரிசோதனை அது. நான் வயிறார ரொட்டி பிராட்டா சாப்பிட்டுவிட்டு, நான்கு மாதம் ஓய்வெடுத்த உடம்போடு போய்க் கையை நீட்டினேன். அதுவும் சாதாரணம். இனிமேல் எல்லாம் உங்கள் மனதில்தான் என்று சொல்லாமல் சொல்லி அனுப்பினார்கள். பெரியவர்களுக்கு வரும் வி.எல்.கேட் குறைபாட்டு வகையில் நன்றாக இருக்கும் நேரத்தில் ரத்தம் எடுத்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம், தசைத் துண்டிலும் தெரியாமல் போகலாம். இதை நான் பிறகுதான் கற்றேன். ஒரு முறை சாதாரணம் என்று வந்தது, நோய் இல்லை என்பதற்கு முத்திரை கிடையாது.

அக்டோபரில் வீடு மாறினோம், ஈசூனிலிருந்து செங்காங்குக்கு. இரவு ஷிப்ட் முடித்து, காலையில் ஒரு கோப்பி மட்டும் குடித்துவிட்டு, மத்தியானம் மூன்று மணி வரை பெட்டி தூக்கினேன். மாலையில் அதே இறுக்கம், இரவு அதே நிறம். இந்த முறை நேரம் கடத்தவில்லை. அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் மூன்றே கேள்வி கேட்டார்: முன்பு வந்திருக்கிறதா, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், அப்பா அம்மா சொந்தமா? மூன்றாவது கேள்விக்கு நான் விழித்தேன். என் அப்பா, அம்மாவுக்கு அத்தை மகன். டிரிப்ஸ் போடும் முன்பே அவர் அசைல்கார்னிடினுக்கு ரத்தம் எடுத்து அனுப்பினார். நீங்கள் இதே நிலையில் இருந்தால் இதை வாய் திறந்து கேளுங்கள், வலி வந்திருக்கும்போது ரத்தம் எடுங்கள் என்று. அதற்காக குளுக்கோஸ் ஏற்றுவதைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை, ஊசி குத்தும் அதே நேரத்தில் ஒரு குழாய் கூடுதலாக எடுத்தால் போதும். இந்த முறை, உடையாமல் தேங்கிய 14 கார்பன் கொழுப்பைக் காட்டும் சி14:1 என்ற ஒரு எண் பல மடங்கு ஏறியிருந்தது. அதன் பிறகு மரபணுப் பரிசோதனை, என் கையிலிருந்து 1,900 வெள்ளி, ஏழு வாரம் காத்திருப்பு. 2024 தைப்பூசம் ஜனவரி 25-ல் வந்தது, நான் கோயிலுக்குப் போய்க் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கும்பிட்டுவிட்டு வந்தேன். அடுத்த வாரம் முடிவு வந்தது.

ஏ.சி.ஏ.டி.வி.எல் என்று ஒரு மரபணு. 17-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் இருக்கிறது. வி.எல்.கேட் என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு நொதியைச் செய்வதற்கான குறிப்பு அதில்தான் உள்ளது. மரபியல் ஆலோசகர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். நம் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பு பெரும்பாலும் நீளச் சங்கிலி, 16, 18 கார்பன் நீளம். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் அதை இரண்டிரண்டு கார்பனாக நறுக்கி எரிக்கிறோம். நீளக் கரும்பை இயந்திரத்தில் விடும் முன் யாராவது முதல் வெட்டு வெட்டித் தர வேண்டும் இல்லையா, அந்த முதல் வெட்டை நீளச் சங்கிலிக்கு வெட்டுவது இந்த நொதி. எனக்கு அந்த மரபணுவின் இரண்டு பிரதியிலும் ஒரே எழுத்து மாறியிருக்கிறது, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. நொதி கொஞ்சம் வேலை செய்கிறது, அதனால்தான் குழந்தையில் சாகாமல் வளர்ந்தேன். அடியோடு வேலை செய்யாத குழந்தைகளுக்கு இதயத் தசையே தடித்துப் போகும், சர்க்கரை விழுந்து மயக்கம் வரும். எனக்கு உள்ள அளவு, சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும் வரை போதும். விரதத்தில் தசையில் இருந்த சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்து, உடம்பு கொழுப்பைக் கேட்கும்போது, மணிக்கணக்கில் நடந்தபடி கேட்கும்போது, கொடுக்க முடியாமல் தசை உடைகிறது. 48 நாள் விரதமும் காவடியும் என் நொதிக்கு வைத்த கடைசிப் பரீட்சை மாதிரி ஆகிவிட்டது.

நான் பிறந்தது 1985-ல். இந்த நொதியைத் தனியாகப் பிரித்தெடுத்ததே 1992-ல்தான் என்று ஆலோசகர் சொன்னபோது எனக்கு ஏனோ மனசு லேசானது. என் அம்மா கவனிக்காமல் விட்டது எதுவும் இல்லை, அன்றைக்குக் கண்டுபிடிக்கவே வழி இல்லை. சிங்கப்பூரில் பிறந்த குழந்தைகளுக்கு இந்த வகை நோய்களைப் பார்க்கும் விரிவான பரிசோதனை 2006-ல் தொடங்கியது, குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தம். என் பிள்ளைகள் 2014-லும் 2017-லும் பிறந்தபோது அதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், எதற்கு என்று படிக்காமலே. அந்தப் பழைய தாள்களைத் தேடி எடுத்து, வி.எல்.கேட் என்ற வரியில் சாதாரணம் என்று இருந்ததைப் பார்த்துக் கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் எழவே முடியவில்லை. இரண்டு பேரும் என்னிடமிருந்து ஒரு பிரதியைச் சுமக்கிறார்கள், ஆனால் ஒன்று சரியாக இருந்தால் போதும். பிள்ளைகளின் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். ஊரில் பிரசவம் பார்த்துக் குழந்தையோடு வந்தவர்கள், அங்கே இந்தப் பரிசோதனை எடுத்தார்களா என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று சொன்னால் 40 வருட வாழ்க்கையைக் குற்றம் சொன்னது போல ஆகிவிடுமே. ஆலோசகர் சொன்ன மாதிரியே சொன்னேன்: எல்லார் உடம்பிலும் இப்படிச் சில எழுத்துப் பிழைகள் இருக்கும், சொந்தத்தில் ஒரே பிழை இரண்டு பேரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது, உங்கள் மேல் தப்பு இல்லை. அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப விரதத்துல குறை இல்லதானே?" என்றார். இல்லம்மா என்றேன். அவர் அழுதார், நானும் அழுதேன். கூடப் பிறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதால் அக்காவும் பரிசோதித்துக்கொண்டாள், அவளிடம் ஒரு பிரதி மட்டும்தான். தம்பி மட்டும் பிடிகொடுக்கவில்லை.

இப்போது அன்றாடம். எனக்குச் சொன்ன கணக்கு 10 மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிறு கூடாது என்பது, வேறொருவருக்கு அது வேறாக இருக்கும், உங்கள் மருத்துவரும் உணவு ஆலோசகரும் சொல்ல வேண்டியது. இரவு ஷிப்டில் நடுராத்திரி சாப்பாட்டை நான் விடுவதே இல்லை, பையில் எப்போதும் குளுக்கோஸ் பொடியும் வாழைப்பழமும் இருக்கும். நடக்கும் முன் சோறோ இட்லியோ, நடக்கும்போது இனிப்புப் பானம். எண்ணெயைக் குறைத்து, எம்.சி.டி எண்ணெய் என்று ஒன்றைத் தருகிறார்கள், அது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, என் பழுதான நொதியின் உதவி இல்லாமலே எரியும். இதைக் கேட்டதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் தேங்காய் எண்ணெய் சாப்பிடு என்றார்கள். நானும் ஒரு மாதம் அப்படித்தான் ஊற்றிக்கொண்டேன், உணவு ஆலோசகர் நிறுத்தச் சொன்னார். தேங்காய் எண்ணெயில் பாதிக்குக் கிட்ட லாரிக் அமிலம் என்ற 12 கார்பன் கொழுப்பு, மருந்தாகத் தரும் எண்ணெயில் இருக்கும் 8, 10 கார்பன் கொழுப்பு அதில் கொஞ்சம்தான். அந்த எண்ணெயில் தாளிக்கவோ பொரிக்கவோ கூடாது, சீக்கிரம் புகைந்துவிடும், ஆறிய குழம்பில் கலந்து கொள்கிறேன். ஒரேயடியாக அதிகம் ஊற்றினால் வயிற்றைக் கலக்கும். இன்னொரு முக்கியமான விஷயம், இதையெல்லாம் படித்துவிட்டு வேறொரு கொழுப்பு எரியும் குறைபாடு உள்ளவர் எம்.சி.டி எண்ணெய் எடுத்துவிடக் கூடாது. எம்.கேட் என்ற பக்கத்து நொதி பழுதானவர்களுக்கு இதே எண்ணெய் ஆபத்து. பெயர் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும்.

மருத்துவரிடம் அவசரக் கடிதம் ஒன்று வாங்கி, லேமினேட் செய்து பர்ஸில் வைத்திருக்கிறேன், போனிலும் மனைவி போனிலும் படம் இருக்கிறது. நோயின் பெயர், சி.கே பார்க்க வேண்டும், வெறும் உப்புத் தண்ணீர் மட்டும் ஏற்றாமல் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸும் (குளுக்கோஸ்) ஏற்ற வேண்டும், அறுவை சிகிச்சைக்கு முன் நீண்ட நேரம் பட்டினி போடக் கூடாது, மயக்க மருந்து கொடுப்பவருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று ஐந்தே வரி. காய்ச்சலில் வாந்தி எடுத்து எதுவும் உள்ளே நிற்கவில்லை என்றால் வலி வரும் வரை காத்திருக்காமல் போய்விட வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி.

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அரசின் அடிப்படை மருத்துவக் காப்பீடான மெடிஷீல்டு லைஃப் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஏற்கெனவே உள்ள நோய்க்கும் சேர்த்து உண்டு, அது போகாது. ஆனால் அதற்கு மேல் தனியாக எடுக்கும் திட்டத்தை நான் வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டேன், நோய் தெரிந்த பிறகு விண்ணப்பித்தபோது இதைச் சார்ந்த எல்லாவற்றையும் விலக்கித்தான் தந்தார்கள். மரபணுப் பரிசோதனைக்கு முன் ஆலோசகரிடம் இதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எதையும் மறைத்து எடுக்காதீர்கள், நாளைக்குப் பணம் கேட்கும்போது அதுவே காரணமாகிவிடும். மொத்தமாகப் பார்த்தால், முதல் முறை வார்டில் நான் கட்டிய 900 வெள்ளியோடு சேர்த்து 5,740 வெள்ளி, 23 நாள் சம்பளமில்லா விடுப்பு. இதில் உண்மையில் தேவைப்பட்டது வார்டும் மரபணுப் பரிசோதனையும்தான்.

2025 பிப்ரவரி 11 தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தேன். கோயிலில் பல வருடமாகத் தெரிந்த ஒரு பெரியவரிடம் கூச்சத்தோடு கேட்டேன், சாப்பிட்டுவிட்டு எடுக்கலாமா என்று. "சுத்தமா இரு, மனசார எடு, உடம்பைக் கெடுத்துக்காதே தம்பி" என்றார். விடியற்காலை மூன்று மணிக்கு நாலு இட்லி சாப்பிட்டேன், மருத்துவரிடம் முன்பே கேட்டுவிட்டேன், மனைவி வழியெல்லாம் கையில் பானத்தோடு வந்தாள். சிலிகி ரோட்டில் கால் இறுகும் என்று காத்துக்கொண்டே நடந்தேன், இறுகவில்லை. வீட்டுக்கு வந்து, அன்று இரவும் மறுநாள் காலையும் விளக்கைப் போட்டுச் சிறுநீரைப் பார்த்தேன். வெளிறிய மஞ்சள். தம்பி அன்று கூடவே நடந்து வந்தான். மறுநாள் போன் செய்து, கால் இரண்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது, படியிறங்க முடியவில்லை என்றான். சாப்பிட்டாயா என்றேன், விரதம் அண்ணே என்றான். சிறுநீர் எப்படிப் போகிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. டாக்ஸி பிடித்து அவன் வீட்டுக்குப் போய், என் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு, அவனை அழைத்துக்கொண்டு போனேன்.